எந்த மணி வேணும், சார்?

கம்ப்யூட்டர் நம்மிடம் மணி கேட்ட காலம் ஒன்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏசி குளிருக்கு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே லேபுக்குள் நுழைந்து, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் தடித்த சிவப்பு ஸ்விட்சைத் தட்டினால், அது தன் மெமரியை நிதானமாக எண்ணி முடித்து, ஃப்ளாப்பியைக் கரகரவென்று அரைத்து, பச்சை எழுத்தில் முதல் காரியமாக இன்று 1980 ஜனவரி 1, செவ்வாய்க்கிழமை என்று அறிவித்து, சரியான தேதி என்ன என்று நம்மையே கேட்கும். அடுத்த வரியில் மணி கேட்கும். எண்பதுகளின் கடைசியில் பொறியியல் கல்லூரியில் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளும், அவற்றுக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் சொன்ன ஒரே பதிலும் ஞாபகம் இருக்கும்: என்டர், என்டர்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியிலும் அதன் பின்னால் வந்த எக்ஸ்டி வகையறாக்களிலும் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரமும் போய்விடும். டாஸுக்கு உலகம் 1980 ஜனவரி முதல் தேதி பிறந்தது. ஸ்விட்ச் போடும்போதெல்லாம் மறுபடி பிறக்கும். ஆகவே எங்கள் செட் எழுதிய மேட்ரிக்ஸ் பெருக்கல், சம்பளப் பட்டியல், ரயில்வே ரிசர்வேஷன் என்று பெயர் வைத்திருந்த ஏதோ ஒன்று, எல்லாமே டைரக்டரியைப் பார்த்தால் அந்தப் புத்தாண்டின் நள்ளிரவு கழிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் அவசர அவசரமாக எழுதி முடிக்கப்பட்டவை. அந்தப் புத்தாண்டில் நாங்கள் ஆறாம் வகுப்பில் இருந்தோம் என்பது மெஷினுக்குத் தெரியாது.

நான் மட்டும் என்டர் தட்டமாட்டேன். காலேஜில் சேர்ந்ததற்கு அப்பா வாங்கிக் கொடுத்த எச்எம்டி வாட்சைப் பார்த்து மணியை நிமிடத்தோடு அடித்துவிட்டுத்தான் மறுகாரியம். அந்த வாட்சுக்குக் காலையில் சாவி கொடுக்கும்போது வீட்டுச் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்துவைத்துக்கொள்வேன். சுவர்க் கடிகாரத்தை அம்மா ஏழேகால் ஆகாசவாணிச் செய்தியோடு ஒத்துவைத்திருப்பாள். ரேடியோவிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து கைக்கு, கையிலிருந்து மெஷினுக்கு என்று நேரம் படிப்படியாக இறங்கி வரும் இதே ஏற்பாட்டை டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1985இலேயே என்டிபி என்ற பெயரில் நெட்வொர்க்குக்காக எழுதத் தொடங்கியிருந்தார் என்பதும், பிற்பாடு அதில் ஒவ்வொரு படிக்கும் ஸ்ட்ரேட்டம் என்று ஓர் எண் வந்தது என்பதும், அந்தக் கணக்கில் எங்கள் லேப் எக்ஸ்டிக்கு நான்காம் இடம் என்பதும் எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. கல்லூரியிலேயே என் பிரிண்டவுட்டில் மட்டும்தான் உண்மையான தேதி விழும் என்ற கர்வத்தில் இருந்தேன். ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்துப் போட்ட லேப் சார் அந்தத் தேதியை ஒருநாளும் பார்த்ததில்லை.

1984இல் வந்த ஏடியில்தான் மோட்டோரோலாவின் 146818 சில்லும் அதற்கு உயிர் கொடுக்க ஒரு பேட்டரியும் சேர்ந்தன. அந்த மெஷின் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கச் சில வருடம் பிடித்தது. வந்தபின் மணி கேட்கும் வேலை எங்கள் பக்கம் மாறியது. கேட்கும் முறை இதுதான்: 70 என்ற போர்ட்டில் ஓர் எண்ணை எழுத வேண்டும், 71 என்ற போர்ட்டில் பதிலைப் படிக்க வேண்டும். வினாடிக்கு 0, நிமிடத்துக்கு 2, மணிக்கு 4. பதிலை அப்படியே நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் சில்லு பிசிடி கணக்கில் பேசும். 59 நிமிடம் என்பது நம் கைக்கு 89 ஆக வந்து நிற்கும், அதைப் பிரித்துப் பத்தும் ஒன்றுமாக்கிக்கொள்வது நம் பொறுப்பு. அதோடு, சில்லு தன் எண்களை மாற்றிக்கொண்டிருக்கும் அரைகுறை நொடியில் படித்தால் குப்பை கிடைக்கும். அதற்கென்று ஒரு பிட் இருக்கிறது, அது இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வளவு மரியாதையோடு மணி கேட்டுப் பழகியவன் நான். இன்றும் உங்கள் மேசைக் கம்ப்யூட்டரைத் திறந்தால் அந்தச் சில்லின் வாரிசு மதர்போர்டுக்குள் எங்கோ இருக்கும். அதன் சிஆர்2032 பேட்டரியைச் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கேட்கலாம்.

அந்த நாளில் டாஸில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் எவனும் வாழ்க்கையில் ஒருமுறையாவது திரையின் வலது மேல் மூலையில் ஓடும் கடிகாரம் எழுதியிருப்பான். நீங்களும் எழுதியிருப்பீர்கள். 1சி என்ற இன்டரப்ட்டைப் பிடித்து, டிக் எண்ணிக்கையைப் படித்து, பி800 என்ற முகவரியில் நேராக எழுத்தைக் கொட்டி, மெமரியில் குடியிருக்க வைத்துவிட்டு வெளியே வந்தால், வேர்ட்ஸ்டாரோ லோட்டஸோ எது ஓடினாலும் நம் கடிகாரம் மூலையில் மினுக்கும். வினாடிக்குச் சுமார் 18.2 தடவை நம் புரோகிராம் கூப்பிடப்படும். ஏன் 18.2 என்று கேட்காதவர்கள் பாக்கியசாலிகள். நான் கேட்டேன், பதில் என்னை அமெரிக்க டெலிவிஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

பிசியின் டைமர் சில்லு வினாடிக்கு 11,93,182 தடவை துடிக்கிறது. அதை 65,536ஆல் வகுத்தால் 18.2. அந்த 11,93,182 எங்கிருந்து வந்தது என்றால், 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைப் பன்னிரண்டால் வகுத்ததில். அந்தப் படிகம் எதற்கு என்றால், அமெரிக்கக் கலர் டிவியின் வண்ண அலைவரிசை 3.579545 மெகாஹெர்ட்ஸ், அதன் நான்கு மடங்கு அது. டிவியோடு இணைக்கத் தோதான கலர் கார்டுக்கு வேண்டியிருந்தது, ஒரே படிகத்தில் எல்லா வேலையையும் முடித்துக்கொண்டார்கள். இப்படியாக, 1982 ஆசியாட் சமயத்தில்தான் கலர் டிவியைக் கண்ட, அதுவும் அமெரிக்கத் தரமில்லாத பால் தரத்தில் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தேசத்தில், எங்கள் மெஷின்களெல்லாம் அமெரிக்க டிவியின் நிறத்தைப் பிரித்துக் காலத்தை எண்ணிக்கொண்டிருந்தன. பல மெஷின்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: நள்ளிரவு கடந்தது என்பதை பயாஸ் ஒரே ஒரு கொடியில் குறித்து வைக்கும், யாரும் தேதி கேட்காமல் இரண்டு நள்ளிரவு கடந்துவிட்டால் ஒருநாள் காணாமல் போகும். வெள்ளி மாலை ஆஃபீசைப் பூட்டிவிட்டுத் திங்கள் காலை வந்தால் மெஷினில் சனிக்கிழமை. யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

பிறகு லினக்ஸ் வந்தது, பத்திரிகையோடு இலவச சிடியாக. அதற்குள் எனக்குக் கல்யாணமும் ஆகி, ஒரு சின்னக் கம்பெனியில், ஹோட்டல் எக்ஸ்சேஞ்சில் எந்த அறையிலிருந்து எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று குறித்துவைக்கும் கார்டுக்கு டிரைவர் எழுதும் வேலையில் இருந்தேன். எஸ்டிடி பூத்தின் சிவப்பு எண்கள் ஓட ஓட வயிறு கலங்கிய காலம். இரவு பதினொரு மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் தேசமே பத்தே முக்காலிலிருந்து பூத் வாசலில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம். நேரம் என்பது அன்றைக்குப் பணம். ஆனால் நிமிடக் கணக்கில் பணம். அந்தக் கார்டுக்கு நான் மைக்ரோ வினாடியில் நேரம் பதித்தேன்.

அது சுலபமாக இருந்ததுதான் காரணம். கெர்னலுக்குள் மணி வேண்டும் என்றால் ஒரே வழி, ஒரே வரி: டூ கெட்டைம்ஆஃப்டே. ஒரு டைம்வால் கட்டமைப்பை நீட்டினால் 1970 ஜனவரி முதல் எத்தனை வினாடி, அதற்கு மேல் எத்தனை மைக்ரோ வினாடி என்று நிரப்பிக் கொடுக்கும். அதற்குப் பின்னால் எக்ஸ்டைம் என்று ஒரு குளோபல் மாறி. கெர்னல் முழுவதற்கும் மணி அது ஒன்றுதான். வினாடிக்கு நூறு தடவை டைமர் இன்டரப்ட் வந்து ஜிஃபிஸ் என்ற எண்ணில் ஒன்றைக் கூட்டும், எக்ஸ்டைமைப் பத்து மில்லி வினாடி நகர்த்தும். இடைப்பட்ட நேரம் வேண்டுமென்றால் அதே பழைய டைமர் சில்லைத்தான் கேட்க வேண்டும்: 43 என்ற போர்ட்டில் எண்ணிக்கையை உறைய வைத்து, 40இல் இரண்டு தடவை படித்தால், 11,932இலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும் எண் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்லும். மைக்ரோ வினாடி என்று நான் பெருமையோடு அச்சடித்ததெல்லாம் அந்தக் கலர் டிவிப் பின்னம்தான்.

லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ் என்ற புத்தகம் எங்கள் தலைமுறைக்கு எப்படிப்பட்டது என்று அந்தக் காலத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலிவுப் பதிப்பின் முதுகு உடைந்து தாள் தாளாகக் கையோடு வந்துவிடும் அளவுக்குப் படித்திருக்கிறோம். டிரைவருக்குச் சுவர்க் கடிகாரத்தின் மணி பெரும்பாலும் தேவைப்படாது, ஜிஃபிஸ் போதும் என்ற பொருளில் அதிலேயே தெளிவாக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். முப்பது வயதுக்காரனிடம் உனக்கு மணி தெரியத் தேவையில்லை என்று சொன்னால் எப்படிக் கேட்பான்?

அந்த நாள் கெர்னலிடம் எனக்கு மிகப் பிடித்த ஒன்று இப்போது கிடையாது. பூட் ஆகும்போது அது சிமாஸ் கடிகாரத்தை, அதாவது அந்தப் பேட்டரிச் சில்லை, சும்மா படித்துவிட்டுப் போகாது. இப்போது படித்தால் வினாடி மட்டும்தான் தெரியும், அதன் பின்னம் தெரியாது. ஆகவே சில்லு எண்களை மாற்றத் தொடங்கும்வரை காத்திருந்து, மாற்றி முடிக்கும் கணத்தையும் பார்த்து, புது வினாடி பிறந்த விளிம்பில் அந்த எண்ணைப் பிடிக்கும். இதற்கு ஒரு வினாடி வரை ஆகலாம் என்று மூல நிரலிலேயே குறிப்பு எழுதியிருந்தது. இருநூறு மெகாஹெர்ட்ஸ் பென்டியம் ஒன்று, உலகத்து வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு வினாடி திரும்புவதற்காகக் கைகட்டி நின்ற அந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும். 2006 வாக்கில் பூட் வேகத்தை உத்தேசித்து அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். மிச்சமாவது அதிகபட்சம் ஒரு வினாடி. நியாயம்தான், நெட்வொர்க் வந்ததும் என்டிபி சரிசெய்துவிடுகிறது. ஆனாலும் அந்த ஒரு வினாடியை மிச்சம் பிடித்து நாம் என்ன செய்தோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. டெஸ்க்டாப் வந்து உட்கார அதற்குப் பிறகும் பல வருடங்கள் நிமிடக் கணக்கில்தான் காத்திருந்தோம்.

அப்டைம் பெருமையையும் சொல்ல வேண்டும். ரீபூட் ஆகாமல் எத்தனை நாள் ஓடுகிறது என்பதில் சர்வர் அறைக்காரர்களுக்கு இருந்த கௌரவம் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. யூபிஎஸ் பேட்டரியை மாற்றும்போதுகூட மெஷினை அணைக்க மனசு வராது. ஆனால் 32 பிட் ஜிஃபிஸ், வினாடிக்கு நூறு என்ற கணக்கில், 497 நாளில் நிரம்பி வழிந்து மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒன்றரை வருடப் பெருமை ஒரே இரவில் சில மணி நேரமாகச் சுருங்கியதைப் பார்த்து மனம் உடைந்தவர்களை எனக்குத் தெரியும். பிரச்சினை பெருமை போவது மட்டும் அல்ல; எண் வழியும் அந்தக் கணத்தைச் சரியாக ஒப்பிடத் தெரியாத டிரைவர்கள் அன்றைக்குத்தான் தடுமாறும். 497 நாள் கழித்து வரும் பிழையை யார் உட்கார்ந்து தேடுவது? கெர்னல்காரர்கள் இதற்கு ஒரு வேலை செய்தார்கள், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஜிஃபிஸைப் பூஜ்யத்தில் தொடங்காமல், நிரம்பி வழிவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் இருக்கும் எண்ணில் தொடங்கிவிட்டார்கள். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைக்கும் நம்மூர் அம்மாக்களின் தந்திரம்தான்; 2.6 காலத்திலிருந்து ஒவ்வொரு லினக்ஸும் பிறக்கும்போதே தன் ஆயுள் ஐந்து நிமிடம்தான் என்று நினைத்துக்கொண்டு பிறக்கிறது. தப்பான டிரைவர் டீ ஆறுவதற்குள் மாட்டிக்கொள்ளும்.

நூறாக இருந்த டிக் 2003 கடைசியில் வந்த 2.6இல் ஆயிரமானது, லேப்டாப் பேட்டரி தாங்கவில்லை என்று 2005இல் 250க்கு இறங்கினார்கள், 2007இல், சும்மா இருக்கும் மெஷினுக்கு எதற்கு டிக் என்று அதையே நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். இடையில் ஒரு பெரிய கூத்து. 1993 பென்டியத்திலிருந்து டிஎஸ்சி என்று ஒரு கவுன்டர் பிராசசருக்குள்ளேயே வந்துவிட்டது. போர்ட்டைத் தட்ட வேண்டியதில்லை, ஒரே கட்டளையில் கையில் எண். அதை வைத்து மணி பார்த்துச் சுகப்பட்டுக்கொண்டிருந்தபோது ஒரே சில்லில் இரண்டு கோர் வந்தது. ஒவ்வொரு கோருக்கும் ஒரு கவுன்டர், இரண்டும் ஒத்துப்போகாது, போதாததற்குக் கரண்டை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்தால் கவுன்டரும் தாமதிக்கும். முதல் கோரில் மணி கேட்டுவிட்டு இரண்டாம் கோரில் கேட்டால் காலம் பின்னால் போயிருக்கும். கெர்னல் இதைக் கண்டுபிடித்து, டிஎஸ்சியை இனி நம்புவதற்கில்லை என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, பழைய, மெதுவான, ஆனால் ஒழுங்கான வேறொரு டைமருக்குத் தாவும். அப்படித் தாவிய ஏசிபிஐ டைமரின் வேகத்தைப் பார்த்தபோது எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது: 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதே கலர் டிவி! 2009இல் அமெரிக்கா தன் பெரிய அனலாக் ஒளிபரப்புகளை நிறுத்தியும் விட்டது; அந்த எண் மட்டும் மெஷின்களுக்குள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

2012 ஜூலை முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. பூமி சுற்றுவதில் கொஞ்சம் சுணங்குகிறது என்று உலகக் கடிகாரத்தில் ஒரு வினாடி சேர்த்தார்கள். யுடிசியில் அது ஜூன் 30 நள்ளிரவு. நமக்குப் பால் பாக்கெட் வரும் நேரம். அந்த வினாடியைச் சேர்க்கும்போது கெர்னல் சுவர்க் கடிகாரத்தை ஒரு வினாடி பின்னுக்கு வைத்தது. ஆனால் உயர் துல்லிய டைமர்களின் இலாகாவுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டது. ஒரு வினாடிக்குக் குறைவாகத் தூங்கப் போன புரோகிராம்களெல்லாம் படுத்தவுடன் எழுப்பப்பட்டு, மறுபடி படுத்து, மறுபடி எழுந்து, உலகம் முழுவதும் சர்வர்கள் நூறு சதவீதம் சூடாகி நின்றன. எனக்கும் போன் வந்தது. பல் துலக்காமல் உட்கார்ந்து தேடியதில் கிடைத்த மருந்து இது: தேதியைக் கேள், வந்த தேதியையே திரும்பத் தேதியாக வை. அவ்வளவுதான். மணியை அதே மணிக்கு மாற்றினால் நோய் போய்விடும், ஏனென்றால் மணி மாற்றப்பட்டது என்ற தகவல் அப்போதுதான் எல்லா இலாகாவுக்கும் போகும். லேபில் எக்ஸ்டியின் கேள்விக்கு எல்லோரும் தட்டிய என்டர்தான் ஞாபகம் வந்தது. 2022இல் கூடிய அளவைகள் மாநாடு, 2035க்குள் இந்தக் கூடுதல் வினாடி வழக்கத்துக்கு விடைகொடுப்பது என்று தீர்மானித்துவிட்டது.

சமீபத்தில் ஒரு பழைய டிரைவரைப் புதுக் கெர்னலுக்குக் கொண்டுபோகும் வேலை வந்தது. கம்பைல் பண்ணினால் டூ கெட்டைம்ஆஃப்டே என்று எதுவுமே இல்லை என்கிறது. 5.0இலேயே எடுத்துவிட்டார்களாம். என்னோடு வேலை பார்க்கும் பெண், என் மகள் வயது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எந்த டைம் வேணும், சார்?"

"மணி என்னங்கறதுதாம்மா வேணும்."

"அதான் சார் கேக்கறேன். எந்த மணி?"

இனி அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கேடைம் கெட் என்றால் பூட் ஆனதிலிருந்து ஓடும், பின்னால் போகாத மணி. ஆனால் லேப்டாப்பை மூடித் தூங்கவைத்த நேரம் அதில் சேராது. தூங்கிய நேரமும் சேர வேண்டுமானால் பூட்டைம் வேறு. நம் வாட்சில் தெரிவது ரியல். அது முன்னும் பின்னும் குதிக்கும், யார் வேண்டுமானாலும் திருத்திவைப்பார்கள். கூடுதல் வினாடிகளைச் சட்டை செய்யாத டிஏஐ, யுடிசிக்கு 37 வினாடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. என்டிபி தொட்டுத் திருத்தாத கச்சா மணி ரா. ஆக ஐந்து காலம். ஒவ்வொன்றையும் நானோ வினாடியாகவும் வாங்கலாம், வினாடியும் நானோவும் பிரித்த கட்டமைப்பாகவும் வாங்கலாம். அவசரக்காரர்களுக்கு கோர்ஸ் என்று ஒரு வகை: வன்பொருளைக் கேட்காமல், கடைசி டிக்கில் மணி என்னவாக இருந்ததோ அதையே தரும்.

"அது எக்ஸ்டைம்தானேம்மா!" என்றேன்.

"எக்ஸ்டைம்னா என்ன சார்?"

இந்த ஐந்தும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைப் படிக்கும் விதத்தில் எனக்கு மரியாதையே உண்டு. மணியை மாற்றுபவர் மாற்றுவதற்கு முன் ஓர் எண்ணைக் கூட்டுவார், மாற்றி முடித்ததும் இன்னொன்று கூட்டுவார்; படிப்பவர் அந்த எண்ணைப் பார்த்து, மணியைப் படித்து, எண்ணை மறுபடி பார்த்து, மாறியிருந்தால் முதலிலிருந்து படிப்பார். ஒற்றைப்படையாக இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, காத்திருக்க வேண்டும். பூட்டும் இல்லை, வரிசையும் இல்லை. எத்தனை ஆயிரம் பேர் மணி கேட்டாலும் மணி மாற்றுபவரை யாரும் தடுக்க முடியாது. இதைவிட நேர்த்தியான பத்து வரி கெர்னலில் அதிகம் இல்லை. குறை என்னவென்றால், இத்தனை மணி வந்தபின் லாகில் விழுவது எந்த மனிதனுக்கும் புரியாத, பூட் ஆனதிலிருந்து இத்தனை வினாடி என்ற எண். அதை மனித மணியாக மாற்றிக் காட்டும் வசதி டிமெசெக் கட்டளையில் உண்டு. மெஷின் தூங்கி எழுந்திருந்தால் அந்த மணி தப்பாக இருக்கலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது.

கெர்னலுக்கு ஊர் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையும் லண்டனும் அதற்கு ஒன்று, யுடிசி மட்டும்தான் தெரியும். ஐந்தரை மணி கூட்டும் வேலை வெளியே இருக்கும் டைம்ஸோன் அட்டவணையுடையது. அந்த அட்டவணையில் இந்தியாவின் பகுதியைத் திறந்து பாருங்கள்: 1906க்கு முன்னால் 5 மணி 21 நிமிடம் 10 வினாடி என்று ஒரு வரி கிடக்கும். மெட்ராஸ் டைம். கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் நேரம். ரயில்களை ஓட்டிய நேரம். பக்கத்து வீட்டு விண்டோஸ் கெர்னலோ 1601 ஜனவரி முதல் தேதியிலிருந்து நூறு நூறு நானோ வினாடியாக எண்ணுகிறது. கிரிகோரியன் நாட்காட்டியின் நானூறு வருடச் சுற்று அன்று தொடங்குகிறது என்பது காரணம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணி சாசனம் கொடுத்த தேதி 1600 டிசம்பர் 31. அவர்கள் நாட்காட்டி வேறு, பத்து நாள் இடிக்கும், தெரியும். ஆனாலும் மெட்ராஸ்காரனுக்கு இந்தப் பொருத்தத்தை விட மனசு வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் கடைசியில் கொடுத்த பதில், கேடைம் கெட் போதும் என்பது. இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவே எவ்வளவு நேரம் என்பதுதான் அந்த டிரைவருக்கு வேண்டியிருந்தது. ஓரத்தில் கேள்விக்குறி போட்ட அந்தப் பக்கத்தில் அச்சடித்திருந்ததும் அதுதான்.

யுனிக்ஸின் 1971 நவம்பர் முதல் கையேட்டில் காலத்தை வினாடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணினார்கள். அந்தக் கணக்கு இரண்டேகால் வருடத்தில் நிரம்பிவிடும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். பிறகு வினாடிக்கு மாறியதில் 2038 வரை இழுத்தது. ஜனவரி 19, யுடிசி 3:14:07. நமக்குக் காலை 8:44:07. பொங்கல் முடிந்த கையோடு, செவ்வாய்க்கிழமை, எமகண்டத்துக்குக் கால் மணி முன்னால். 2020 மார்ச்சில் வந்த 5.6 முதல் 32 பிட் லினக்ஸ் கெர்னலும் அந்த நொடியைத் தாண்டிவிடும். ஆர்ன்ட் பெர்க்மன் முதலானோர் வருடக்கணக்கில் உட்கார்ந்து வரி வரியாக மாற்றிய வேலை அது, டூ கெட்டைம்ஆஃப்டே போனதும் அதில்தான். ஆனால் அதற்கு முன்னால் எழுதிச் சுவரில் திருகிவிட்டு வந்த பெட்டிகளை யாரும் கழற்றி மாற்றவில்லை. நானே சில திருகியிருக்கிறேன். உங்கள் பொறுப்பில் அப்படிப் பழைய 32 பிட் பலகை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், அதே மாதிரி இன்னொன்றை மேசைமேல் வைத்து, தேதியை 2038 ஜனவரி 19, காலை 8:43 என்று வைத்துவிட்டு, பக்கத்திலேயே இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். ஓடுகிற மெஷினில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.